வேஷக்காரச் சந்தில் வாடகை குறைவு

மூன்று பேர் குடிவந்தார்கள். மூன்று பேரும் டச்சிங் ஆர்ட்டிஸ்டுகள். மூன்று பேரும் ஒரு மாதம் முடிவதற்குள் காலி செய்துகொண்டு ஓடினார்கள். கடைசி ஆள் வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

நஸ்ருதீனிடம் இதைச் சொன்னது எமன்.

சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் வேஷக்காரச் சந்தின் முனையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தில் பாதிக்கு மட்டும் நீலம் பூசிக்கொண்டு, பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார் அந்த எமன். சாயங்காலம் சீர்காழியில் நாடகமாம். இருந்த நீலம் பாதி முகத்தோடு தீர்ந்துவிட்டதாம்.

"என்னா பாய், பயமா இருக்குதா?"

"வாடகை எவ்ளோன்னு சொன்னீங்க?"

"பன்னண்டு ரூவா."

"அப்ப பயமா இல்லீங்க" என்றான் நஸ்ருதீன்.

எமன் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்த மாதிரி இருந்தது.

நஸ்ருதீன் செய்கிற தொழிலுக்கு ஊர்ப்பக்கம் சரியான பெயரே கிடையாது. ஸ்டுடியோக்காரர்கள் டச்சிங் என்பார்கள். போட்டோவில் விழுந்த அம்மைத் தழும்பை எடுப்பான். வழுக்கைக்கு முடி வைப்பான். கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவைக்கு அரக்கும் சரிகைக்கு மஞ்சளும் ஏற்றுவான். இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போனவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். பிணத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். அந்த மூடிய கண்ணின் மேல் திறந்த கண்ணை எழுதிக் கொடுப்பது நஸ்ருதீனின் வேலை. நெல்லிக்குப்பத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் விழித்துப் பார்க்கிற பெரியவர்கள் அவன் விழிக்க வைத்தவர்கள்.

ஆனால் அவனுக்கென்று ஒரு சுவர் இல்லை.

கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து இருப்பது கடலூர் முதுநகரில் அவர்கள் குடும்பத்து வழக்கம். நஸ்ருதீனும் நாலு வருஷமாக மாமனார் அப்துல் ஹக் வீட்டு மாடியறையில் இருந்தான். மாமனாருக்குத் துறைமுகத்துப் பக்கம் மண்டி, பினாங்கில் மளிகைக்கடை. மருமகன் உருவம் எழுதிப் பிழைப்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். தொழுகை நேரமானால் மாமியார் மாடிக்கு வந்து காயப்போட்ட படங்களையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்.

"நாளைக்கு மறுமையில, நீ எழுதின ஒவ்வொண்ணுக்கும் உயிர் குடுன்னு கேப்பாங்களே மாப்ள, அப்ப என்னா பண்ணப்போறே?" என்பார் அப்துல் ஹக், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்.

போன வாரம் அவர் முடிவாகவே சொல்லிவிட்டார். "திங்கக்கெழம நாகப்பட்டினத்துல கப்பல். பினாங்கு கடையில எடை போட ஆள் இல்ல. போய் நில்லு. அதுக்குள்ள உனக்குன்னு ஒரு வீடு பாத்துட்டேன்னு வையி, எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடு, நான் வாயத் தெறக்கல. வீடு இல்லேன்னா கப்பல்."

வீடு தேடிச் செருப்பு தேய்ந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்காரர், "என்னா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "செத்தவங்களுக்குக் கண்ணு தெறக்கறேன்" என்று இவன் உள்ளதைச் சொன்னான். கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. திருப்பாப்புலியூரில் வாடகை கேட்டபோது இவனுக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சிதம்பரத்து ஸ்டுடியோக்காரர் ராமாமிர்தம், படங்கள் அனுப்பிய பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். 'எங்கள் சந்தில் ஒரு வீடு காலி. உம்ம மாதிரி ஆளுங்க இருக்கிற இடம். வந்து பாரும்.'

உண்மைதான். அப்படி ஒரு சந்தை நஸ்ருதீன் கனவில்கூடக் கண்டதில்லை. ஒரு வீட்டில் ஆர்மோனியம் பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு வாசலில் நாடக சீன் படுதா ஒன்று காய்ந்தது. நடுவில் அரண்மனை, அரண்மனைக்கு மேல் ஒரு வேட்டி. மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவர், தேர்ச் சிற்பத்துக்கு அளவெடுப்பவர், தாடி மீசை கட்டுபவர் என்று வரிசையாக இருந்தார்கள். யாரும் யாரையும் என்ன தொழில் என்று கேட்கவில்லை.

ராமாமிர்தம் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பத்தைந்து வயது, வெற்றிலை வாய், தடித்த கண்ணாடி. சந்து நீளத்துக்கும் பேசிக்கொண்டே வந்தவர், அந்த வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே நின்றுவிட்டார்.

"தோ, அந்தப் பச்சைக் கதவு. நீங்க போய்ப் பேசுங்க தம்பி."

"நீங்க வரலியா?"

"எனக்கு அங்க என்னா வேலை" என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். அதில் ஒரு அவசரம் இருந்தது.

தில்லையம்மாள் ஐம்பதைத் தொட்ட மனுஷி. நாடகக் கம்பெனிகளுக்கு உடுப்புத் தைப்பவள். ராஜா அங்கி ஒன்றுக்கு ஜிகினா வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் மினுமினுப்பு. முகத்தில் மட்டும் ஒரு சொட்டு வெளிச்சம் இல்லை.

"டச்சிங்கா?" என்றாள். "கையக் காட்டு."

காட்டினான். ஆட்காட்டி விரலில் பென்சில் அழுத்திய தழும்பையும் நகக்கண்ணில் ஏறிய சாயத்தையும் பார்த்துத் தலையசைத்தாள்.

"நாங்க முஸ்லிம்ங்க, அம்மா."

"அதுக்கென்னா? இந்தச் சந்துல சாயங்காலமானா யாரு யாருன்னு யாருக்கும் தெரியாது. எதுத்த வீட்டு மணவாளன் ஆறு மணிக்கு சீதை. பொண்டாட்டி அவனத் தேடிக்கிட்டு என்கிட்ட வரும்."

"மாமிசம் சமைப்போம்."

"ஜன்னலச் சாத்திட்டு சமைச்சுக்குங்க."

தன் வீட்டோடு ஒட்டிய பகுதியைத் திறந்துவிட்டாள். இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் கிணறு. முன்னறையில் வடக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். நஸ்ருதீனுக்கு மூச்சே நின்றுவிட்டது. டச்சிங் செய்பவனுக்கு வடக்கு ஜன்னல் என்பது நாதஸ்வரக்காரனுக்கு நல்ல சீவாளி கிடைத்த மாதிரி. வெயில் நேராக விழாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சீரான வெளிச்சம்.

ஜன்னலடியில் ஒரு டச்சிங் மேஜை. கீழே கண்ணாடி வைத்து வெளிச்சத்தை மேலே ஏற்றுகிற சாய்வு மேஜை. மேஜையோரத்தில் ஒரு குவளை. குவளையில் மூன்று பிரஷ்கள், மயிர் கல்லாய்க் காய்ந்துபோய். மூன்றும் வேறு வேறு கைக்காரர்கள் வாங்கியவை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஒரே ஒரு வேலை இருக்குது" என்றாள் தில்லையம்மாள்.

சுவரில் துணி மூடித் தொங்கிய படத்தை அவள் திறந்தாள்.

பெரிதாக்கிய படம். மார்பளவு. சுற்றிலும் வெள்ளையில் கரைந்துபோகும்படி அச்சுப் போட்டிருந்தது. பத்தொன்பது இருபது வயதுப் பெண். புடவைக்கு ஒருவன் கிளிப்பச்சை ஏற்றியிருந்தான், நல்ல கை. தோட்டுக்கும் அட்டிகைக்கும் சிவப்புக் கல் வைத்தது இன்னொருத்தன். கழுத்து மாலையின் மல்லிகையை மொட்டு மொட்டாய் எழுதி, உதட்டில் ஈரம் வைத்தது மூன்றாமவன். ஒரு பெண்ணை மூன்று பேர் மாறி மாறிச் சிங்காரித்துவிட்டு, கண்ணுக்கு வந்ததும் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

இமைகள் மூடியிருந்தன.

"எம் பொண்ணு. சௌந்தரம். நாலு வருஷம் ஆச்சு. கண்ணத் தெறந்து குடு. படம் முடிஞ்சா வீடு உன்னுது. எத்தினி வருஷம் வேணும்னாலும் இரு."

"ஒரு கண்ணு எழுதறதுக்கா மூணு பேர் ஓடினாங்க?"

தில்லையம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். வீடு காட்டுகிறவள் குடிவருகிறவனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளியின் பார்வை.

அன்று வெள்ளிக்கிழமை. பாசஞ்சர் வண்டி பிடித்து முதுநகர் வந்து, மாடியறையில் சுல்தானாவிடம் ஒன்று விடாமல் சொன்னான்.

"பேயி இருக்குதுன்னு சொல்றாங்களா மச்சான்?"

"சொல்லல. ஆனா அப்படித்தான் நெனைக்கிறாங்க."

சுல்தானா கொஞ்சம் யோசித்தாள். "எங்க வாப்பாவோட நாலு வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. பேயி என்னா பண்ணிடப்போவுது?"

சனிக்கிழமை காலை வண்டியில் இருவரும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச்சுருள், நாலு பாத்திரத்தோடு சிதம்பரத்தில் இறங்கினார்கள். வழியனுப்ப வாசலுக்கு வந்த அப்துல் ஹக் ஒன்று மட்டும் சொல்லியிருந்தார். "டிக்கெட்டு எம் பாக்கெட்டுலதான் இருக்குது. ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கும்."

சுல்தானா பின்கட்டில் கிணற்றடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தில்லையம்மாள் வந்து ஒரு தகரப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே பழைய சேலைத்துணியில் சுற்றிய கண்ணாடி நெகடிவ். மூடிய இமையின் கோடு எங்கே ஓடுகிறது என்று படத்தில் சரியாகத் தெரியாது. கண் எழுதுகிறவன் நெகடிவைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வைத்துவிட்டுப் போவாள் என்று நினைத்தான். போகவில்லை. உள்கதவுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டில், ராஜா அங்கியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி ஓடவில்லை.

நஸ்ருதீன் நெகடிவை மேஜையில் பொருத்தினான். கீழ்க்கண்ணாடியைச் சாய்த்தான். வெளிச்சம் ஏறியது.

நெகடிவில் எல்லாம் தலைகீழ். முகம் கரி. கூந்தல் வெள்ளை. உதடு சாம்பல். எத்தனையோ ஆயிரம் பார்த்தவன்தான். இருந்தும் அந்தக் கரிமுகத்தில் வெள்ளை இமைக்கோடுகள் அவனை உள்ளே இழுத்தன. பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தான்.

இமைமயிர் இரண்டு வரிசையாகத் தெரிந்தது.

ஆட்டம் விழுந்த பிளேட். 'சரிதான், ராமாமிர்தம் கை நடுங்கிடுச்சு' என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்குள் வெளிச்சம் கம்மியாக இருந்திருக்கும். லென்ஸ் மூடியைத் திறந்து மூன்று எண்ணி மூடியிருப்பார். அதற்குள் கேமராக்கால் அசைந்திருக்கும். கேமரா அசைந்தால் எல்லாமே இரட்டையாகும். நாற்காலிக் கைப்பிடியைப் பார்த்தான்.

கைப்பிடியில் செதுக்கிய பூவிதழ் கத்தியால் வெட்டியது போல் இருந்தது. ஒரு இழை அசைவு இல்லை.

மடியில் வைத்த கைகள், மோதிரம், வளையல் எல்லாமே கூர்மை. மேலே வந்தான். மார்பில் கிடந்த மல்லிகை மாலை. ஒவ்வொரு மொட்டும் இரண்டாக இருந்தது. கீழே ஒன்று, ஒரு மயிரிழை மேலே இன்னொன்று. பக்கவாட்டில் அல்ல, ஏறி இறங்கினாற்போல. மாலையின் இரண்டு முனைகளும் நாற்காலிக்கு வெளியே தொங்கின. அங்கே மொட்டுகள் ஒற்றைதான்.

நஸ்ருதீன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

காற்று. காற்று அடித்திருக்கும். ஜன்னல் வழியாக. மாலையைக் கொஞ்சம் தூக்கியிருக்கும். தொங்குகிற முனையை விட்டுவிட்டு நெஞ்சில் கிடப்பதை மட்டும் தூக்குகிற காற்று உண்டா என்று மனசு கேட்டது. கேட்காதே என்று அதை அடக்கிவிட்டு மறுபடி குனிந்தான்.

பெரிதாக்கிய படத்தில் வெள்ளையில் கரைத்துவிட்ட ஓரம் நெகடிவில் அப்படியே இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில், அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, குத்துவிளக்கு. ஒற்றைத் திரி. நெகடிவில் சுடர் கறுப்பாக, ஒரு நெல்மணி அளவுக்கு நின்றது.

நின்றது. நேராக. கூர்நுனி மேலே பார்க்க. எண்ணிய மூன்றுக்கும் அந்தச் சுடர் ஒரு பக்கமும் சாயவில்லை.

அந்த அறையில் காற்று இல்லை.

ஆர்மோனியம் அடுத்த வீட்டில் நின்றது. பின்கட்டில் சுல்தானா வாளியைக் கிணற்றில் போட்ட சத்தம் கேட்டது. உள்கதவுக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

அவன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொள்ளாமலே வந்துவிட்டது தெருவில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

ராமாமிர்தம் ஸ்டுடியோவில் தனியாக இருந்தார். இவன் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிளேட்டப் பாத்துட்டியா?"

"அன்னிக்கு என்னா நடந்துச்சு?"

"தம்பி, ஒக்காரு மொதல்ல."

"நின்னுக்கிட்டே கேக்கறேன்."

ராமாமிர்தம் மேஜைமேலிருந்த துணியை எடுத்து, துடைக்க வேண்டியதே இல்லாத லென்ஸைத் துடைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு அப்பப்ப வலிப்பு வரும். அன்னிக்கு மத்தியானம் பெருசா வந்துது. அடங்குனதுக்கப்புறம் எழுந்திருக்கல. வைத்தியர் வந்து கையப் புடிச்சுப் பாத்தாரு, நாடி இல்லைன்னாரு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்னாங்க. என்னைக் கூப்ட்டாங்க, ஒரே பிளேட்டு எடுத்தேன். சாயங்காலம் மருந்துல போட்டுக் கழுவிப் பாத்தேன். மூஞ்சி ஆடியிருந்துது."

"பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்பா! ஆடுனா என்னான்னு நெனைப்பேன்? முப்பது வருஷமா பொணம் எடுக்கறேன். உசுரோட இருக்கறவனத்தான் 'ஆடாதே, ஆடாதே'ன்னு சொல்லணும். செத்தவங்க ஆட மாட்டாங்க. அந்த ஒரு நம்பிக்கையிலதான் நிதானமா மூணு எண்றோம். ஆடியிருந்தா அது எங் கை தப்புதான? வேற என்னா? தொழிலு போயிடும்னு பயந்துகிட்டு, மார்பளவுக்கு வெட்டி, ஓரத்த வெள்ளையில கரைச்சு, படத்தப் பெருசாக்கிக் குடுத்துட்டேன். பிளேட்ட உடைக்கணும்னு பாத்தேன். அந்தம்மா வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

"விளக்கப் பாக்கலியா நீங்க?"

"அன்னிக்குப் பாக்கல." அவர் குரல் உள்ளே போனது. "மொதல்ல வந்த பையன் வந்து கேட்டான். அப்பத்தான் பாத்தேன்."

"அன்னிக்கே பாத்திருந்தா?"

"கழுவி முடிக்கறப்பவே மணி ஏழு தம்பி" என்றார் ராமாமிர்தம். "ஆறுக்கெல்லாம் கொள்ளி வச்சுட்டாங்க."

சந்தில் யாரோ வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார்கள். நஸ்ருதீனுக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. ரயிலடிக்குப் போய்விடலாம். மூன்று பேரும் அதைத்தான் செய்தார்கள். சுல்தானாவை ஆளனுப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். திங்கட்கிழமை கப்பல். பினாங்கில் தராசுக்குக் கண் எழுத வேண்டாம்.

"அந்தம்மாகிட்ட என்னா சொல்லப்போறே?" என்றார் ராமாமிர்தம்.

"அவங்க கேக்கறது கண்ணு. அத எழுதிக் குடுத்துட்டு வாயத் தெறக்காம இருந்துடலாம்."

"கண்ணா?" ராமாமிர்தம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "போ தம்பி. போய்ப் பாரு."

பச்சைக் கதவுக்குள் நுழைந்தபோது உள்கதவு திறந்திருந்தது. தில்லையம்மாள் டச்சிங் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி அவள் கையில். அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் விளக்குமாறு மாதிரி பிடித்திருந்தாள். சுல்தானா ஈரக்கையோடு பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"செருப்ப விட்டுட்டுப் போனே. நீயும் வர மாட்டேன்னு நெனைச்சேன்" என்றாள் தில்லையம்மாள்.

"வந்துட்டேம்மா. இப்பவே கண்ண எழுதிடறேன். பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எனக்குக் கண்ணு வேணாம்."

நஸ்ருதீன் பிரஷ்ஷை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டான்.

"நாலு வருஷமா டச்சிங்காரனுக்கு மட்டும் இந்த வீட்டக் குடுக்கறனே, ஏன்னு நெனைக்கிறே? இந்தக் கண்ணாடியில இருக்கறத எனக்குப் படிக்கத் தெரியாது. நானும் வெளிச்சத்துல வச்சு வச்சுப் பாக்கறேன். கரியாத் தெரியுது. படிக்கத் தெரிஞ்சவங்க உங்க ஆளுங்கதான். மூணு பேரும் படிச்சாங்க. ஒருத்தன் அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னான். ஒருத்தன் ஒண்ணுமே சொல்லல. ஒருத்தன் ஓடியே போனான். ஓடறது பதிலாப்பா?"

"என்னாம்மா கேக்கறீங்க?"

"அந்த மாலைய அவளுக்குப் போட்டது நான். போட்டுட்டு எதுக்க நின்னேன். ராமாமிர்தம் மூடியத் தெறந்துட்டுக் கீழ பாத்து எண்ணிக்கிட்டு இருந்தாரு. அப்ப பூ ஏறி எறங்குச்சு. ஒரே ஒரு தடவ. நான் கத்தினேன். போய் நெஞ்சில கை வச்சேன், சூடு இருந்துது. நாலு ஆம்பளைங்க என்னைப் புடிச்சு இழுத்தாங்க. தாய் கைக்கு அப்படித்தான் இருக்கும்னாங்க. பூவு காத்துல ஆடுச்சுன்னாங்க." அவள் குரல் உயரவே இல்லை. துணிக்கு அளவு சொல்கிற குரல். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அங்க காத்து அடிச்சுதா, இல்லியா?"

இப்போது சுல்தானாவுக்குப் புரிந்தது. அவள் கை வாய்க்குப் போனது.

ஒரு வார்த்தை போதும். அடிச்சுதும்மா. இந்த வடக்கு ஜன்னலும் கிணறும் சந்தும் பன்னிரண்டு ரூபாய்க்கு அவனுக்கு ஆயுசுக்கும் கிடைக்கும். அவளுக்கும் ஒரு நிம்மதி. யாருக்கு என்ன நஷ்டம்? வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களுக்கு முன்னால் சொல்லிவிட்டு, தினமும் காலையில் அதே கண்களைப் பார்த்துக்கொண்டு இந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டும். கண் எழுதுகிறவனுக்குக் கண்ணைத் தெரியும். இவள் நம்ப மாட்டாள். அடுத்த டச்சிங்காரனுக்காகக் காத்திருப்பாள்.

உண்மையைச் சொன்னால் இவள் கிணற்றிலேயே விழலாம். இல்லை, அவர்கள் டிரங்குப் பெட்டியைத் தெருவில் எறியலாம். எறிந்தால் கப்பல்.

"காத்து இல்லம்மா" என்றான் நஸ்ருதீன். "பக்கத்துல விளக்கு எரியுது. சுடர் ஆடல."

தில்லையம்மாள் பூதக்கண்ணாடியை மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

"எந்த எடத்துல? காட்டு."

காட்டினான். நெகடிவின் ஓரத்தில் அந்தக் கறுப்பு நெல்மணியை அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலில் இருந்த ஜிகினாத் துகள் ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"நான் சொன்னேன்ல" என்றாள், அங்கே இல்லாத நாலு பேரைப் பார்த்து. "சொன்னேன்ல நான்."

அழுவாள் என்று காத்திருந்தார்கள். அழவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் பிறகு. அது நஸ்ருதீனிடம் கேட்ட கேள்வி இல்லை. சுல்தானா பக்கம் திரும்பியிருந்தாள்.

சுல்தானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மயக்கம்மா அது. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாள். சொல்லிவிட்டுத் தன் புருஷனைப் பார்த்தாள், நீங்களும் சொல்லுங்களேன் என்பது போல. அவனால் முடியவில்லை. கண்ணாடியில் அதற்கெல்லாம் பதில் இல்லை.

தில்லையம்மாள் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி எடுத்து வந்து அவன் முன்னால் சாய்த்து வைத்தாள்.

"இப்ப தெற."

"அம்மா, வேணாமே..."

"இத்தினி நாளும் அவ கண்ண மூடியிருக்கட்டும்னு இருந்தேன். நெசம் என்னான்னு தெரியாம அவளப் பாக்க பயமா இருந்துது. இப்ப தெற. என்னைப் பாக்கட்டும். என்னா கேக்கணுமோ கேக்கட்டும்."

நஸ்ருதீன் தன் பெட்டியிலிருந்து பிரஷ்ஷை எடுத்தான். எந்தக் கண்ணாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுத்தான் தொடங்குவான். இன்றும் பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"எந்தப் பக்கம் பாக்கணும்?"

தில்லையம்மாள் ஒரு மணையை இழுத்துப் போட்டு, படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "இங்க."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெள்ளையை நிரப்பினான். கருவிழியின் வட்டத்தைப் போட்டான். கடைசியில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சப் புள்ளி வைக்க வேண்டும். அதை வைத்தால்தான் கண் பார்க்கும். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான்.

சௌந்தரம் விழித்தாள்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நஸ்ருதீன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். நடுவில் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

வெளியே எமன் முழு நீலத்தோடு மாட்டுவண்டியில் ஏறும் சத்தமும், வண்டிக்காரன் கேலி பண்ணுவதும், மணவாளன் பெண் குரலில் பதில் சொல்வதும் கேட்டன. தில்லையம்மாள் எழுந்தாள். இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் சுல்தானா கையில் வைத்தாள்.

"படத்த எங் கட்டிலுக்கு எதுக்க மாட்டிடு தம்பி. தூக்கமா வருது."

மாட்டினான். அவள் அதன் எதிரே கட்டிலில் நீட்டிப் படுத்தாள். கை இரண்டையும் மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிய நிமிஷத்திலேயே தூங்கிப்போனாள். நாலு வருஷத்துத் தூக்கம்.

"மச்சான், ஒரு தந்தி அடிங்க வாப்பாவுக்கு. டிக்கெட்ட வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லி" என்றாள் சுல்தானா. சாவி அவள் கைக்குள் இறுகியிருந்தது. ஆனால் அவள் பார்வை கட்டிலிலேயே இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் தில்லையம்மாளின் முகம் மெழுகாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் இருவரும் நின்றார்கள்.

"மச்சான்..."

"ம்."

"அசையவே இல்லியே."

"தூங்கறாங்க."

சுல்தானா பூனை மாதிரி நடந்து போய்க் குனிந்தாள். தில்லையம்மாளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். ஆர்மோனியக்காரர் அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தார்.

"மூச்சு இருக்குது" என்று கிசுகிசுத்தாள்.

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்."

நஸ்ருதீன் அவளை விலக்கிவிட்டுத் தானும் குனிந்தான்.